குறைந்த நீரழுத்தத்தில் தவித்த ஆர்.ஓ. கருவிக்கு பூஸ்டர் பம்ப் பொருத்திய அனுபவம்

பூஸ்டர் பம்ப் (நீரழுத்தத்தைக் கூட்டும் சிறு பம்ப்) வாங்குவதற்கு முன்பே வாங்கிப் பொருத்த வேண்டியது பிரஷர் கேஜ் என்ற அழுத்தமானி. குழாயைத் திறந்தால் தண்ணீர் மெல்லிய இழையாக வருகிறது, இரவு முழுவதும் விட்டாலும் சேமிப்புத் தொட்டி நிறைவதில்லை, கழிவுநீர் ட்யூபில் மட்டும் ஒழுக்கு நிற்பதே இல்லை என்ற மூன்று அறிகுறிகள் எங்கள் ஆர்.ஓ. கருவியில் இருந்தன. இவை அழுத்தக் குறைவாலும் வரலாம், அடைத்துக்கொண்ட ஃபில்டராலும் வரலாம், ஆயுள் முடிந்த மெம்பிரேனாலும் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) வரலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. எனவே மெம்பிரேன் ஹவுசிங்கிற்குள் (சவ்வு இருக்கும் உறைக்குள்) தண்ணீர் நுழையும் ட்யூபை வெட்டி, அங்கே மூன்று வாயுள்ள ஒரு டீ ஃபிட்டிங் வைத்து, 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு என்ற அழுத்த அலகு) வரை காட்டும் கேஜ் ஒன்றை முதலில் பொருத்தினேன். வேலை முடிந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. கீழே நான் எடுத்ததாகச் சொல்லும் முடிவுகளில் பெரும்பாலானவை அந்த முள்ளைப் பார்த்து எடுத்தவை.

கருவி வழக்கமான அமைப்புடையதுதான்: மண்ணையும் துருவையும் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், அதன்பின் இரண்டு கார்பன் ஃபில்டர்கள், தானியங்கி ஷட்-ஆஃப் வால்வு, 75 ஜி.பி.டி. மெம்பிரேன், கழிவுப் பாதையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், நல்ல தண்ணீர்ப் பாதையில் பின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு செக் வால்வு, உள்ளே ரப்பர்ப் பையும் காற்றும் கொண்ட 12 லிட்டர் அழுத்தத் தொட்டி. மின்சாரம் எங்கும் கிடையாது. தொட்டியின் வால்வை மூடி, நல்ல தண்ணீர் ட்யூபைத் தனியாகக் கழற்றி, அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்தபோது நிமிடத்திற்கு 60 மி.லி. வந்தது, கழிவு 190 மி.லி. கேஜில் 22 பி.எஸ்.ஐ. உள்வரும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பு, பி.பி.எம். அளவில்) 480, வெளிவரும் நல்ல தண்ணீரின் டி.டி.எஸ். 62. அக்கம்பக்கத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் வேளையில் முள் 13 வரை இறங்கியது.

இந்த எண்களிலிருந்தே மெம்பிரேன் பழுதா இல்லையா என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 75 ஜி.பி.டி. என்பது ஒரு நாளைக்கு 75 கேலன், அதாவது ஏறத்தாழ 284 லிட்டர்; நிமிடத்திற்கு 197 மி.லி. ஆனால் அந்த அளவு, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 250 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 250 பங்கு) உப்புள்ள தண்ணீரை, எங்களுடைய மெம்பிரேனின் விவரத் தாளின்படி 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் செலுத்தும்போது மட்டுமே கிடைக்கும். சில தயாரிப்புகளில் இந்தச் சோதனை அழுத்தம் 60 அல்லது 65 ஆகவும் இருக்கும். கேஜ் காட்டும் அழுத்தம் முழுவதும் தண்ணீரை மெம்பிரேனுக்குள் தள்ளுவதில்லை. கரைந்த உப்பு தன் பங்கிற்குத் தண்ணீரைப் பின்னிழுக்கும். ஒவ்வொரு 100 பி.பி.எம்.முக்கும் தோராயமாக 1 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளலாம். மெம்பிரேனின் நீளவாக்கில் தண்ணீர் செறிவாகிக்கொண்டே போவதால், எங்கள் தண்ணீருக்குச் சராசரியாக 5 பி.எஸ்.ஐ. இதிலேயே போய்விடுகிறது. ஆக, 22இல் மிச்சமிருப்பது 17. விவரத் தாளின் நிலையில், 50இல் உப்பின் பங்காக 3 போக, அது 47. புத்தம் புதிய மெம்பிரேனே என்றாலும் 17 பி.எஸ்.ஐ.யில் 70 மி.லி.தான் தந்திருக்கும், எங்களுடையது 60 தருகிறது. மெம்பிரேனில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறை அழுத்தத்தில்தான் என்று அப்போது உறுதியானது. இந்தக் கணக்கைப் போடாமல் மெம்பிரேனை மாற்றுவோர் பலர். மாற்றிய பின்னும் அதே இழைத் தண்ணீர்தான் வரும்.

அழுத்தம் குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் உயரமே காரணம். ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 1.4 பி.எஸ்.ஐ. தரும், 50 பி.எஸ்.ஐ. வேண்டுமென்றால் தொட்டி 35 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் எந்த வீட்டிலும், குறிப்பாக மேல் தளங்களில், இது நடக்காத காரியம்.

கழிவு நிற்காமல் ஓடியதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. ஷட்-ஆஃப் வால்வு ஒரு சிறிய டயஃப்ரம் (ரப்பர் மென்தகடு) வால்வு. தொட்டியின் அழுத்தம், உள்வரும் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டும்போது அது உள்வரும் தண்ணீரை அடைத்துவிடும். உள்ளே 13 பி.எஸ்.ஐ. வரும் வேளையில் அது மூடத் தொட்டியில் சுமார் 8.7 பி.எஸ்.ஐ. தேவை. ஆனால் 13இல் உப்பின் பங்காக 5 போனால், மெம்பிரேனால் தொட்டியை 8 வரைதான் தள்ள முடியும். அந்த 8ஐ எட்டியதும் நல்ல தண்ணீர் நின்றுவிடும், வால்வோ மூடாது, கழிவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 22 பி.எஸ்.ஐ. இருக்கும்போதும் நிலைமை நூலிழையில்தான் தப்பியது: வால்வு மூட 14.7 வேண்டும், மெம்பிரேனால் 17 வரை முடியும், ஆனால் கடைசிச் சில பி.எஸ்.ஐ.களில் வரத்து சொட்டுச் சொட்டாகக் குறைந்துவிடும். அழுத்தம் குறைந்த வீட்டில் ஆர்.ஓ. வீணாக்கும் தண்ணீரில் பெரும்பகுதி, கழிவு விகிதத்தால் அல்ல, இப்படி மூடாத வால்வால்தான் போகிறது என்பது என் எண்ணம்.

பம்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பலரைக் குழப்புவது அதன் மேல் எழுதியிருக்கும் ஜி.பி.டி. எண். 75 ஜி.பி.டி. பம்ப் என்றால் அது நாளுக்கு 75 கேலன் தள்ளும் என்று பொருளல்ல, 75 ஜி.பி.டி. மெம்பிரேனுக்குப் பொருத்தமானது என்றே பொருள். அது தள்ள வேண்டியது நல்ல தண்ணீரும் கழிவும் சேர்ந்த மொத்த அளவை. நான் விரும்பிய 70 பி.எஸ்.ஐ.யில் நல்ல தண்ணீர் 250 மி.லி. அளவிலும், கழிவு 450 மி.லி. அளவிலும் வரும் என்று கணக்கிட்டால், பம்ப் அந்த அழுத்தத்திலும் நிமிடத்திற்கு 700 மி.லி. தள்ள வேண்டும். அட்டைப்பெட்டியின் மீது பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் எதிர் அழுத்தம் இல்லாதபோது வரும் அளவு; அதை நம்பி வாங்கக் கூடாது. விவரத் தாளில் 80 பி.எஸ்.ஐ.யில் 650 மி.லி. என்று போட்டிருந்த, அதாவது 70இல் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தள்ளக்கூடிய, 24 வோல்ட் டி.சி. டயஃப்ரம் பம்ப் ஒன்றை எடுத்தேன். அதனுடன் 24 வோல்ட், 2.5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர், தண்ணீர் வராவிட்டால் பம்ப்பை நிறுத்தும் ஒரு லோ பிரஷர் சுவிட்ச், தொட்டி நிறைந்தால் நிறுத்தும் ஒரு ஹை பிரஷர் சுவிட்ச், தேவையான எல்போக்களும் டீக்களும்.

மின்சாரமே தேவைப்படாத பெர்மியேட் பம்ப் என்ற ஒன்றும் இருக்கிறது. கழிவுநீரின் அழுத்தத்தையே பயன்படுத்தி நல்ல தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளி, தொட்டியின் எதிர் அழுத்தம் மெம்பிரேனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் அழகான சாதனம் அது. ஆனால் இருக்கும் அழுத்தத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க மட்டுமே அதற்குத் தெரியும். இல்லாத அழுத்தத்தை உண்டாக்காது. 13க்கும் 22க்கும் இடையே ஆடும் வீட்டில் அதற்கு வேலையில்லை. அதேபோல், கேஜ் ஏற்கெனவே 50க்கு மேல் காட்டும் வீட்டில் பூஸ்டர் பம்ப்புக்கும் அவசியம் இல்லை.

பம்ப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. எல்லா ஃபில்டர்களுக்கும் முன்னால் வைத்தால், பம்ப்புக்குத் தண்ணீர் தடையின்றிக் கிடைக்கும். ஆனால் வடிகட்டாத மண்ணும் துருவும் அதன் ரப்பர் வால்வுகளுக்குள் போகும், ஃபில்டர் ஹவுசிங்குகள் முழு 70 பி.எஸ்.ஐ.யையும் ஒவ்வொரு துடிப்போடும் தாங்க வேண்டிவரும். கார்பனுக்குப் பின்னால் வைத்தால் இந்த இரண்டும் இல்லை. ஆனால் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பம்ப் தண்ணீரின்றி உறிஞ்சித் திணறும். எங்கள் ஹவுசிங்குகள் பழையவை, அவற்றின் அடிப்பகுதியில் மயிரிழைக் கீறல் விழுவதை வேறு கருவிகளில் பார்த்திருக்கிறேன். எனவே கார்பனுக்குப் பின், மெம்பிரேனுக்கு முன் என்று முடிவு செய்தேன். எப்படி வைத்தாலும் மெம்பிரேனுக்கு முன், குளோரினை நீக்கும் கார்பன் இருந்தே ஆக வேண்டும். 1960 வாக்கில் லோப், சௌரிராஜன் இருவரும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வுகள் ஓரளவு குளோரினைத் தாங்கின. இன்று வீட்டுக் கருவிகளில் இருக்கும் பாலிஅமைடு சவ்வு தாங்காது.

ஷட்-ஆஃப் வால்வும் பம்ப்பும் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் மிகவும் யோசிக்க வைத்த இடம். முன்பு கார்பனிலிருந்து வந்த ட்யூப் நேராக ஷட்-ஆஃப் வால்வுக்குள் நுழைந்தது. பம்ப்பை அந்த வால்வுக்கும் மெம்பிரேனுக்கும் இடையே செருகுவது ட்யூப் வெட்டுவதற்கு வசதியாக இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் வால்வு ஒப்பிட்டுப் பார்ப்பது பம்ப்புக்கு முந்தைய 22 பி.எஸ்.ஐ.யைத்தான், தொட்டி 15ஐத் தொட்டதுமே அது மூடிவிடும், பம்ப் ஓடிக்கொண்டே வெறுமையை உறிஞ்சும். பம்ப்பை வால்வுக்கு முன்னால் வைத்தால், வால்வு 70ஐ ஒப்பிடும். அது மூடும் புள்ளி 47க்குப் போய்விடும். ஹை பிரஷர் சுவிட்ச் 40இல் மின்சாரத்தைத் துண்டிக்கும். பம்ப் நின்றவுடன் மெம்பிரேன் பக்கத்து அழுத்தம் 70லிருந்து 22க்கு இறங்கும். தொட்டியில் இருக்கும் 40, அந்த 22க்கு மிக அதிகமானதால் வால்வு உடனே மூடிக்கொள்ளும். இந்த இரண்டாவது படி அவசியமானது. ஏனென்றால் நின்றுபோன டயஃப்ரம் பம்ப் தண்ணீரைத் தடுக்காது. அதன் உள் வால்வுகள் முன்னோக்கித் திறப்பவை, குழாய் அழுத்தத்திலேயே தண்ணீர் அதனூடே கடந்து கழிவுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

40க்கும் 47க்கும் உள்ள இடைவெளி பெரிதல்ல. நாளடைவில் பம்ப் தேய்ந்து 55 பி.எஸ்.ஐ. மட்டுமே தருகிறது என்று வைத்துக்கொண்டால், வால்வு 37இலேயே மூடும். சுவிட்ச் 40ஐப் பார்க்கவே பார்க்காது. மூடிய வால்வின் மீது பம்ப் ஓயாமல் முட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் ஷட்-ஆஃப் வால்வைக் கழற்றிவிட்டு, பம்ப்புக்கு முன்னால் 24 வோல்ட் சோலனாய்டு வால்வை வைத்து, பம்ப்போடு இணையாக மின் இணைப்புக் கொடுக்கிறார்கள். பம்ப் ஓடும்போது திறந்திருக்கும், நின்றால் மூடும். மிதவை சுவிட்ச் உள்ள, அழுத்தமில்லாத தொட்டிக் கருவிகளில் அதுதான் வழக்கம். நான் பழைய வால்வையே வைத்துக்கொண்டதற்குக் காரணம், அது நல்ல நிலையில் இருந்ததும், கேஜ் கண்ணெதிரே இருப்பதால் 60க்குக் கீழே முள் இறங்கினால் தெரிந்துவிடும் என்பதும்தான்.

பொருத்தும் வேலை எளிது; பொறுமை மட்டும் வேண்டும். உள்வரும் வால்வையும் தொட்டி வால்வையும் மூடி, குடிநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ட்யூபில் கை வைக்க வேண்டும். பம்ப்பைச் செங்குத்தாக, தண்ணீர் ஓடும் தலைப்பகுதி கீழேயும் மோட்டார் மேலேயும் இருக்கும்படி, ரப்பர்க் கால்களோடு பலகைச் சுவரில் திருகினேன். தலைப்பகுதியில் என்றாவது கசிவு வந்தால், நீர் மோட்டாருக்குள் இறங்காமல் தரையில் சொட்டும். தலையின் மேல் பதித்திருந்த அம்புக்குறி எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று காட்டியது. திருகு மரையுள்ள ஃபிட்டிங்குகளுக்கு மட்டும் டெஃப்ளான் டேப் சுற்றி, கையால் இறுக்கி, ஸ்பேனரால் மேலும் ஒரு கால் சுற்று மட்டும் கொடுத்தேன். தலை பிளாஸ்டிக்கால் ஆனது, அதற்கு மேல் இறுக்கினால் விரிசல் விடும்.

புஷ் ஃபிட்டிங்கில் கசிவு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ட்யூபின் வெட்டுமுனைதான். கத்தரிக்கோலால் நறுக்கினால் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகிவிடும், முனையும் சாய்ந்துபோகும். உள்ளிருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் விடும். கூரிய பிளேடால், ட்யூபைச் சமதளத்தில் வைத்து நேர்க்குத்தாக வெட்டி, வெளிப்புறத்தில் கீறல் இல்லாத இடமாகப் பார்த்து, நுனியிலிருந்து 15 மி.மீ. தொலைவில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். முதலில் தள்ளும்போது ஓர் இடத்தில் நின்றுவிடும். அது பற்களின் பிடி. மேலும் அழுத்தினால் ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே போய்த் தட்டும். கோடு ஃபிட்டிங்கின் விளிம்பில் மறைகிறதா என்று பார்த்து, பின்னோக்கி ஒரு முறை இழுத்துவிட்டு, நீல நிற லாக்கிங் கிளிப்பைச் செருகிவிட்டால் அந்த இணைப்பை மறந்துவிடலாம். 22 பி.எஸ்.ஐ.யில் சொட்டாமல் இருந்த பழைய இணைப்புகளில் சில 70இல் சொட்டும் என்பதால், பம்ப்புக்குப் பின்னால் வரும் எல்லா இணைப்புகளையும், ஹவுசிங் மூடியின் ஓ-ரிங் உட்பட, கழற்றித் துடைத்துச் சரிபார்த்தேன்.

இரண்டு சுவிட்சுகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்: விரல் நுனி அளவு கறுப்பு உடல், இரண்டு கம்பிகள், ஒரு முனையில் ட்யூப் நுழையும் துளை. எழுத்துகள் அழிந்திருந்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலி தரும் நிலையில்) வைத்துத் தொட்டுப் பார்த்தால் போதும். அழுத்தமே இல்லாத நிலையில் பீப் ஒலி வந்தால் அது ஹை பிரஷர் சுவிட்ச். ஒலி வராவிட்டால் லோ பிரஷர் சுவிட்ச். முன்னது தொட்டி நிறையும்போது இணைப்பை விடுவது, பின்னது தண்ணீர் வந்தால்தான் இணைப்பைக் கொடுப்பது. லோ பிரஷர் சுவிட்ச் பம்ப்புக்கு முன்னால், உறிஞ்சு பாதையில். ஹை பிரஷர் சுவிட்ச் செக் வால்வுக்குப் பின்னால், தொட்டிக்குப் போகும் பாதையில். ஹை பிரஷர் சுவிட்சை செக் வால்வுக்கு முன்னால் வைத்துவிட்டால், பம்ப் நின்றதும் அங்கே அழுத்தம் இறங்கி, அது மீண்டும் பம்ப்பை ஓட்டிவிடும்.

மின் இணைப்பு ஒரே சங்கிலி: அடாப்டரின் நேர்முனைக் கம்பி லோ பிரஷர் சுவிட்சுக்குள் போய், அங்கிருந்து ஹை பிரஷர் சுவிட்சுக்குள் போய், அங்கிருந்து பம்ப்பின் சிவப்புக் கம்பிக்குப் போகும், பம்ப்பின் கறுப்புக் கம்பி நேராக அடாப்டருக்குத் திரும்பும். இரண்டில் எது விட்டாலும் பம்ப் நிற்கும். 24 வோல்ட் பக்கம் கையைச் சுடாது என்றாலும், அடாப்டருக்குள் வருவது முழு மின்னழுத்தம். அது எந்தத் தண்ணீர் இணைப்புக்கும் கீழே வராதபடி உயரத்தில் பொருத்தி, கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினேன். கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். அந்த மின்சுற்று மின்கசிவுத் தடுப்பு பிரேக்கருக்குப் பின்னால்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் ஓட்டத்தில் பம்ப்பின் வெளிவாயை மெம்பிரேனோடு இணைக்காமல், ஒரு வாளிக்குள் விட்டேன். புதிய பம்ப்புக்குள் இருக்கும் தூசியும் ஃபில்டரைத் தொட்டதால் கிளம்பும் கார்பன் தூளும் மெம்பிரேனுக்குள் போக வேண்டியதில்லை. முதலில் காற்றும் தண்ணீருமாகச் சடசடத்து, கறுப்பு நீர் வந்து, பின் தெளிந்தது. கவனிக்க வேண்டிய ஒன்று: வாளிக்குள் ஓடும்போது பம்ப்பில் அழுத்தமே ஏறாது. அழுத்தத்தை உண்டாக்குவது பம்ப் மட்டுமல்ல, மறுமுனையில் கழிவுப் பாதையில் இருக்கும் ரெஸ்ட்ரிக்டரும்தான்; தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால்தானே தண்ணீர் பீறிடுகிறது. பம்ப் போட்டும் கேஜ் 40ஐத் தாண்டவில்லை என்றால் பம்ப்பைக் குறை சொல்லுமுன் ரெஸ்ட்ரிக்டரின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 75 ஜி.பி.டி.க்கு 450 மி.லி. வகை ஏற்றது. மாறாக ரெஸ்ட்ரிக்டர் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் முள் 100ஐயும் தாண்டி ஏறும். வீட்டு மெம்பிரேன் ஹவுசிங்குகள் பலவற்றின் உச்ச வரம்பு 125 பி.எஸ்.ஐ.

மெம்பிரேனோடு இணைத்து ஓட்டியதும் முள் மெல்ல ஏறி 70இல் நின்றது. எந்த இணைப்பும் கசியவில்லை. ஆனால் நீர்வரத்து குறையும் வேளையில் வேறொரு தொல்லை தொடங்கியது. பம்ப் இரண்டு விநாடி ஓடும், டக் என்று நிற்கும், ஒரு விநாடி கழித்து மீண்டும் ஓடும், மீண்டும் டக். விட்டுவிட்டால் இப்படியே மணிக்கணக்கில் போயிருக்கும், சுவிட்சின் தொடுமுனைகள் கருகியிருக்கும். பம்ப்பின் உறிஞ்சு பக்கம் இன்னொரு கேஜை வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பம்ப் நிற்கும்போது அங்கே 15 பி.எஸ்.ஐ.; ஓடத் தொடங்கியதும் 6க்குச் சரிந்தது. அந்த இடத்தில் லோ பிரஷர் சுவிட்ச் துண்டித்தது, துண்டித்ததும் அழுத்தம் மீண்டது, மீண்டதும் இணைத்தது. முன்பு நிமிடத்திற்கு 250 மி.லி. மட்டுமே கடந்த ஃபில்டர்களை இப்போது கிட்டத்தட்ட மூன்று மடங்கு தண்ணீர் கடக்கிறது; அதற்கேற்ப அவற்றில் இழக்கும் அழுத்தமும் கூடிவிட்டது. 250 மி.லி.க்குப் பரவாயில்லை என்றிருந்த செடிமென்ட் ஃபில்டர் 700 மி.லி.க்குத் தாங்கவில்லை.

கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தபோது வெளிப்புறம் களிமண் நிறத்தில் வழவழப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் பஞ்சின் மென்மை இல்லை, கெட்டியாகியிருந்தது. புதியதைப் போட்டு, உள்வரும் வால்விலிருந்து முதல் ஃபில்டர் வரையிலான கால் அங்குல ட்யூபையும் முக்கால் பங்கு நீளத்திற்கு 3/8 அங்குலமாக மாற்றினேன். அடுத்த முறை நீர்வரத்து குறைந்தபோது, பம்ப் ஓடும்போதும் உறிஞ்சு பக்கத்தில் 11 நின்றது. டக் ஒலி போயிற்று. ட்யூபைவிட ஃபில்டரே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். லோ பிரஷர் சுவிட்சை ஃபில்டருக்கு முன்னால் நகர்த்திவிட்டால் இந்த ஒலியே வராது என்றொரு யோசனை சொல்லப்படுவதுண்டு. உண்மைதான், வராது, ஃபில்டர் முழுதும் அடைத்த நாளில் பம்ப் வெற்றிடத்தை உறிஞ்சிக் கெடுவதும் தெரியாது. அந்தச் சுவிட்ச் அங்கே இருப்பதே அதற்காகத்தான்.

நிலைபெற்ற பிறகு மீண்டும் அளந்தேன். அளப்பதற்கு முன் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். கருவி நின்றிருக்கும் நேரத்தில் உப்பு மெம்பிரேனை மெல்ல ஊடுருவி நல்ல தண்ணீர்ப் பக்கம் சேர்ந்திருக்கும், முதலில் வரும் தண்ணீரின் டி.டி.எஸ். எப்போதும் மிகையாகக் காட்டும். நல்ல தண்ணீர் நிமிடத்திற்கு 225 மி.லி., கழிவு 470 மி.லி. முன்பு ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்குக்கு மேல் கழிவு. இப்போது இரண்டு பங்கு சொச்சம். டி.டி.எஸ். 62லிருந்து 22க்கு இறங்கியது. அழுத்தம் கூடினால் உப்பும் சேர்ந்து தள்ளப்படாதா என்று கேட்கத் தோன்றும். மெம்பிரேனைக் கடக்கும் தண்ணீரின் அளவு அழுத்தத்தைப் பொறுத்துக் கூடும். கடக்கும் உப்பின் அளவோ இரு பக்கச் செறிவு வேறுபாட்டைப் பொறுத்தது, அழுத்தத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஏறத்தாழ அதே உப்பு, நான்கு மடங்கு தண்ணீரில் கலந்தால் செறிவு குறையத்தானே வேண்டும். கழிவுநீரின் டி.டி.எஸ். 700ஐ ஒட்டி இருந்தது. உள்ளே போன உப்பையும் வெளியே வந்த உப்பையும் பெருக்கிக் கூட்டினால் கணக்கு நேராகிறது, அளவைகளை நம்பலாம் என்பதற்கு அதுவே சான்று.

கழிவு விகிதத்தை இன்னும் குறைக்கச் சிறிய ரெஸ்ட்ரிக்டர் போடலாமே என்ற ஆசை வரும். உள்வரும் நீரின் கடினத்தன்மை அதிகமென்றால் அதைச் செய்யாதிருப்பதே நல்லது. மூன்றில் ஒரு பங்கை எடுக்கும்போது கழிவுநீர் ஒன்றரை மடங்கு செறிவாகிறது. பாதியை எடுத்தால் இரண்டு மடங்கு. கால்சியம் கார்பனேட் படியத் தொடங்குவது மெம்பிரேனின் கடைசிப் பகுதியில்தான், அது படிந்தபின் திரும்ப எடுப்பது கடினம்.

தொட்டியில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. தொட்டியைக் காலியாக்கி, டயர் கேஜால் காற்றழுத்தத்தைப் பார்த்து 7 பி.எஸ்.ஐ.க்குச் சரிசெய்தேன்; தண்ணீர் உள்ளே இருக்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தண்ணீர் 15 பி.எஸ்.ஐ. வரை ஏறினால் 12 லிட்டர் தொட்டியில் 3 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், ஏனென்றால் மிச்ச இடத்தைக் காற்று வைத்துக்கொள்ளும். 40 வரை ஏறினால் அதே தொட்டி 7 லிட்டர் கொள்ளும். புதிய தொட்டி வாங்க வேண்டும் என்று முன்பு தோன்றியது, தேவைப்படவில்லை.

பம்ப்பின் சத்தம் தொடக்கத்தில் எரிச்சலூட்டியது. பம்ப்பே அவ்வளவு சத்தமிடவில்லை. வெளிவாயிலிருந்து போன ட்யூப் விறைப்பாகப் பலகையில் பட்டு, அதை மத்தளமாக்கிக்கொண்டிருந்தது. ட்யூபைச் சற்று நீளமாக விட்டு, ஒரு வளையமாகச் சுற்றி, பலகையைத் தொடாமல் கட்டியதும் முனகல் அளவுக்கு அடங்கிவிட்டது. ரப்பர்க் கால்களை அளவுக்கு மீறி இறுக்கினாலும் அவை நசுங்கி அதிர்வைக் கடத்தும். திருகை ஒரு சுற்றுத் தளர்த்தியதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

கடைசியாக ஒரு சோதனை. தொட்டி நிறைந்து பம்ப் நின்ற ஓரிரு நிமிடங்களில் கழிவு ட்யூபில் ஒழுக்கு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்வரும் வால்வை மூடிப் பார்க்கலாம். மூடியதும் ஒழுக்கு நின்றால் ஷட்-ஆஃப் வால்வு சரியாக மூடவில்லை. மூடிய பிறகும் ஓடினால் அது தொட்டியிலிருந்து செக் வால்வு வழியாகப் பின்னோக்கி வரும் நல்ல தண்ணீர். செக் வால்வு அப்படி ஒழுகும் கருவியில், பம்ப் யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்திலும் அவ்வப்போது தானாக ஓடி நிற்கும். எங்களுடையதில் ஒழுக்கு நின்றது. மூன்று எண்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதிச் சிங்க்கின் கதவுக்குள் ஒட்டியிருக்கிறேன்: மெம்பிரேன் முன் 70, உறிஞ்சு பக்கம் ஓடும்போது 11, தொட்டி நிறைவில் 40. உறிஞ்சு எண் இறங்கினால் ஃபில்டர் மாற்ற வேண்டும். மெம்பிரேன் எண் ஏறினால் ரெஸ்ட்ரிக்டரைப் பார்க்க வேண்டும், இறங்கினால் பம்ப்பின் டயஃப்ரத்தைப் பார்க்க வேண்டும்.